பக்கத்து ஊர்க்காரர்களைக் கடைக்கு வரவைக்கும் மொபைல் விளம்பரம்: சிறு கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது இந்த வேலையில் கிட்டத்தட்டக் கடைசிப் படி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஃபேஸ்புக்கில் ஒரு படத்தைப் போட்டு, பணம் கட்டி, நாலு பேர் கடைக்குக் கிளம்பியும் வருகிறார்கள். ஆனால் கூகுள் மேப் அவர்களை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுகிறது. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. கட்டிய காசு வீணாகிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் மேப்பில் கடை சரியாக நிற்க வேண்டும். அடுத்து வந்தவர்களின் ரிவ்யூ. அப்புறம் வாட்ஸ்அப். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் விளம்பரம்.

உதாரணத்துக்குக் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையை எடுத்துக்கொள்கிறேன். எவர்சில்வர், பித்தளை, குத்துவிளக்கு, சீர்வரிசைச் சாமான் விற்கிற கடை. உங்கள் கடை வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில். அதன் பாஸ்வேர்டும், மீட்பதற்கான போன் எண்ணும் முதலாளியிடம் இருக்க வேண்டும். போர்டு செய்து கொடுத்தவரோ, கம்ப்யூட்டர் தெரிந்த ஊழியரோ தன்னுடைய மெயிலில் தொடங்கிவிட்டு, பிறகு வேலையை விட்டுப் போய்விடுவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற சிக்கல். வேலையை யார் வேண்டுமானாலும் செய்யட்டும். மேப்பில் வரும் கடைப் பக்கத்தில் அவரை 'மேனேஜர்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், 'ஓனர்' கடையின் மெயிலாகவே இருக்கட்டும்.

கடைக்கென்று ஒரு போன் எண். அது கல்லாவில் இருக்கிற போனாக இருக்க வேண்டும், முதலாளியின் சட்டைப் பையில் இருப்பதாக இருக்கக் கூடாது. முதலாளி கல்யாணத்துக்குப் போன நாளிலும் அந்தப் போன் எடுக்கப்பட வேண்டும்.

கடைப் பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. போர்டில் ஒன்று, பில்லில் ஒன்று, ஜிஎஸ்டி சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கூகுள் உங்கள் கடையைச் சரிபார்க்கும்போது இந்த வித்தியாசம்தான் முதலில் இடிக்கும். ஜிஎஸ்டி சான்றிதழ், கரண்ட் பில், நகராட்சி அல்லது மாநகராட்சி உரிமம் ஆகியவற்றின் தெளிவான போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

2. கடை ஏற்கெனவே மேப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் புதிதாகச் சேர்ப்பதால்தான் ஒரே கடை மேப்பில் இரண்டாக நிற்கிறது. கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு இடத்தைச் சேர்க்கலாம். உங்களுக்கே தெரியாமல் ஒரு வாடிக்கையாளர் என்றைக்கோ சேர்த்திருக்கலாம்.

கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் போன் எண்ணைப் போட்டும் தேடுங்கள். கடை இடம் மாறியிருந்தால் பழைய இடத்திலும் பாருங்கள்.

இருந்தால், அதிலேயே 'இந்தக் கடை என்னுடையது' என்று உரிமை கோர வேண்டும். வேறொருவர் ஏற்கெனவே உரிமை எடுத்திருந்தால் அவருக்குக் கோரிக்கை போகும். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் உண்டு. பதில் வராவிட்டால் நீங்களே உரிமை கோர வழி கிடைக்கலாம். பொறுமையில்லாமல் இந்த இடைவெளியில் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள். ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும், வாடிக்கையாளரும் குழம்புவார்.

3. பெயர், வகை, இடக்குறி, நேரம்

கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது மேப்பில் தெரியும் உங்கள் கடைப் பக்கத்தில், நிரப்ப நிறையக் கட்டங்கள் உண்டு. இந்த நான்கும்தான் கடைக்கு ஆளைக் கொண்டு வருகின்றன.

பெயர்: போர்டில் உள்ளது மட்டும். 'கும்பகோணம் பெஸ்ட் பாத்திரக் கடை குறைந்த விலை' என்று பெயரோடு சேர்த்து எழுதினால் மேலே வரும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது கூகுளின் விதிக்கு எதிரானது. புரொஃபைலே முடக்கப்படலாம், மீட்பதற்குள் ஒரு முகூர்த்த சீசன் போய்விடும்.

வகை: முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை சேர்க்கலாம். முதன்மை வகைக்குத்தான் எடை அதிகம். உங்கள் கல்லாவில் எதற்கு அதிகம் பணம் விழுகிறதோ அதை வையுங்கள். மீதி 9 இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விற்காத பொருளின் வகையைச் சேர்த்தால் வீண் போன் வரும், வந்தவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

இடக்குறி: கடைத்தெருக்களில் ஒன்றோடொன்று ஒட்டிய நீளமான கட்டடங்கள் அதிகம். முகவரியை மட்டும் தட்டச்சு செய்தால் குறி பல நேரம் கட்டடத்தின் நடுவிலோ, பின்பக்கச் சந்திலோ விழுகிறது. மேப் அப்போது வண்டியைப் பின் தெருவுக்கு அனுப்பிவிடும். சாட்டிலைட் பார்வையைப் போட்டு, பெரிதாக்கி, குறியை உங்கள் ஷட்டர் மேலேயே இழுத்து வையுங்கள். அப்புறம் ஊர் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, மேப்பை மட்டும் பார்த்துக் கடைக்கு வரச் சொல்லுங்கள். அவர் எங்கே போய் நிற்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரம்: மதியம் 2 முதல் 4 வரை அடைப்பு என்றால் அதையும் போடுங்கள். ஒரே நாளுக்கு இரண்டு வேளையாக நேரம் கொடுக்க முடியும். தீபாவளி, பொங்கல், மகாமக நாட்களுக்குத் தனி நேரம் போடும் இடமும் உண்டு. வெயிலில் பஸ் ஏறி வந்து பூட்டிய கடையைப் பார்ப்பவர் மறுபடி வரமாட்டார்.

பக்கத்துத் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து தொலைவு, கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தொலைவை யாராலும் மாற்ற முடியாது. அதனால்தான் 'எங்கே தேடினாலும் முதலிடம், கேரண்டி' என்று விற்க வருபவரை நம்பக் கூடாது.

இன்னொன்று. கடை மேப்பில் ஏறியதும் 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் லிஸ்டிங் போய்விடும்' என்று போன் வரலாம். பிசினஸ் புரொஃபைலுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கட்டாதீர்கள், ஓடிபி-யைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

4. வெரிஃபிகேஷன் வீடியோ

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எந்த முறையில் சரிபார்ப்பது என்பதைக் கூகுள்தான் முடிவு செய்கிறது. இப்போது பெரும்பாலான கடைகளுக்கு வீடியோ கேட்கிறது.

வீடியோவில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். கடை அந்த இடத்தில்தான் இருக்கிறது, இது இன்ன கடை, நடத்துவது நீங்கள்தான். குறைந்தது 30 விநாடி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும்.

காலையில் கடை திறக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. தெருப் பெயர்ப் பலகை அல்லது பக்கத்துக் கடை போர்டில் தொடங்கி, நடந்து வந்து, உங்கள் போர்டைச் சற்று நேரம் அசையாமல் காட்டுங்கள். சாவி போட்டு ஷட்டரைத் தூக்குங்கள். பூட்டைத் திறக்கிறவர் கடைக்காரர்தான் என்பதற்கு அதுவே சான்று. உள்ளே அடுக்கி வைத்த பாத்திரம், கல்லா, பில் போடும் மெஷின், அதில் கடைப் பெயர் அச்சாகி வரும் பில் என்று முடியுங்கள். அடுத்தவர் முகம், ஆதார் அட்டை, வங்கிக் காகிதம் எதுவும் வேண்டாம்.

நிராகரிக்கப்பட்ட வீடியோக்களில் நான் பார்த்த காரணங்கள்: இருட்டில் எடுத்தது, கடைக்குள்ளிருந்தே தொடங்கியது, நிலையான போர்டு இல்லாமல் ஃபிளெக்ஸ் துணி மட்டும் தொங்கியது, போர்டில் உள்ள பெயரும் புரொஃபைலில் உள்ள பெயரும் வேறாக இருந்தது. அனுப்பிய பிறகு பதில் வர 5 வேலை நாள் வரை ஆகலாம். அதுவரை பெயர், முகவரி, வகை எதையும் தொடாதீர்கள். இடையில் மாற்றினால் சரிபார்ப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும்.

5. படமும் விலையும்

சுவாமிமலையிலோ திருவிடைமருதூரிலோ வீட்டில் உட்கார்ந்து, கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்தான் இந்தப் படங்களைப் பார்க்கிறார். அவர் கேட்கும் கேள்விக்குப் பதிலாகப் படம் இருக்க வேண்டும்.

முதல் படம், எதிர்ச்சாரியில் நின்று பகலில் எடுத்த கடை முகப்பு. கடையைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும். அடுத்து வண்டி நிறுத்தும் இடம். பிறகு சரக்கு. குத்துவிளக்கை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே உயரத்தையும் எடையையும் எழுதி வைத்து எடுத்தால், 'ரெண்டு அடி விளக்கு என்ன எடை வரும்' என்று கேட்கும் போன் பாதி குறையும். பித்தளை விலை ஏறி இறங்குவதால் மொத்த விலையைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். எடையைப் போட்டு, 'அன்றைய கிலோ விலை' என்று எழுதுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்த படம் வேண்டாம். படத்தில் பார்த்தது கடையில் இல்லை என்றால் அந்தக் கோபம் ரிவ்யூவில்தான் வந்து விழும்.

6. ரிவ்யூ கேட்பது

கேட்க ஒரே நல்ல நேரம், பில் போட்டு, சாமானைக் கட்டிக் கொடுக்கும் நேரம். வீட்டுக்குப் போன பிறகு யாரும் நினைவு வைத்து எழுத மாட்டார்கள். புரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்பதற்கான லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். அச்சடித்துக் கல்லாவில் ஒட்டுங்கள். யுபிஐ க்யூஆர் பக்கத்திலேயே ஒட்டினால் எது எது என்று குழப்பம் வரும், சற்றுத் தள்ளி வையுங்கள்.

'ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு டம்ளர் இலவசம்' என்பது கூடாது. பரிசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிக்கு எதிரானதே. எல்லோரிடமும் கேளுங்கள். என்ன வாங்கினார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 'நல்ல கடை' என்பதைவிட 'தங்கை கல்யாணத்துக்கு அண்டாவும் தவலையும் எடுத்தோம்' என்பது அடுத்து வருபவருக்கு எவ்வளவோ பயன்படும்.

மோசமான ரிவ்யூவுக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். எழுதியவருக்காக மட்டும் இல்லை, அடுத்துப் படிக்கப் போகிற எல்லோருக்காகவும். 'குக்கர் வாங்கி ஒரே வாரத்தில் கைப்பிடி கழன்றது' என்று ஒருவர் எழுதியிருந்தால், 'வணக்கம் ஐயா. சிரமத்துக்கு வருந்துகிறோம். பில்லோடு குக்கரைக் கொண்டு வாருங்கள், கம்பெனி வாரண்டியில் மாற்றித் தருகிறோம்' என்பது போதும். 'நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை' என்று ஆரம்பித்தால் படிப்பவர் எல்லோரும் அவர் பக்கம் போய்விடுவார்கள்.

7. வாட்ஸ்அப் பிசினஸ்

மேப் புதியவரைக் கொண்டு வரும். வந்தவர் திரும்பி வர வாட்ஸ்அப். பாத்திரக் கடைக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அடுத்து வளைகாப்பு, பிறகு புதுமனை புகுவிழா என்று வரிசையாகத் தேவை வரும்.

கடை எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டு, முகவரி, நேரம், மேப் இருப்பிடம் மூன்றையும் நிரப்புங்கள். அதில் உள்ள கேட்டலாக்கில், அதாவது படத்தோடு வரும் பொருள் பட்டியலில், 500 பொருள் வரை ஏற்றலாம். முதலில் அதிகம் விற்கும் இருபது முப்பது பொருள் போதும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்தவர்கள் தொடங்குவதே இல்லை.

இப்போது ப்ராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகும்படி ஒரே தடவையில் அனுப்புவது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பது மட்டும் போதாது. இது தெரியாமல் பழைய பில் புத்தகத்திலிருந்து எண்களை அள்ளிப் போட்டுவிட்டு, 'அனுப்பினேன், யாரும் வரலை' என்பார்கள். பாதிக்கு மேல் போயிருக்கவே போயிருக்காது.

ஆகவே எண்ணைச் சேமிக்க ஒரு காரணம் கொடுக்க வேண்டும். கல்லாவில் வாட்ஸ்அப் க்யூஆர் ஒன்றை ஒட்டி, 'சீர்வரிசைப் பட்டியல் வேண்டுமா? ஸ்கேன் செய்து எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அனுப்புகிறோம்' என்று எழுதுங்கள். முதல் செய்தி அவரிடமிருந்து வருகிறது. அப்போதே, புதுச் சரக்கு வந்தால் தெரிவிக்கலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது.

வந்தவரை லேபிள் போட்டுப் பிரித்து வையுங்கள். 'தை முகூர்த்தம்', 'ஹோட்டல்காரர்', 'கோயில் திருப்பணி' என்று பிரித்துவிட்டால் ஒரே செய்தியை எல்லோருக்கும் தள்ள வேண்டியதில்லை. செய்தி இப்படி இருந்தால் போதும்:

'வணக்கம். பித்தளைக் குத்துவிளக்கு புது லோடு வந்திருக்கிறது. 2 அடி, 3 அடி இரண்டும் உண்டு. படம் கீழே. வேண்டுமென்றால் இதிலேயே சொல்லுங்கள், எடுத்து வைக்கிறோம். இனி செய்தி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அனுப்பினால் நிறுத்திவிடுகிறோம்.'

வாடிக்கையாளர்களை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண்களின் எண்கள் அந்நியர் கையில் போகும். அப்புறம் தினம் காலை வணக்கம் அனுப்புவதும் வேண்டாம். பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் கடை எண்ணே முடக்கப்படும், வாட்ஸ்அப்பில் சேர்த்த அத்தனை பேரும் ஒரே நாளில் கைவிட்டுப் போவார்கள்.

8. எஸ்எம்எஸ் வேண்டுமா?

ஒரே கடை வைத்திருப்பவருக்கு இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, அதற்கென்று உள்ள டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் ஒவ்வொரு செய்தி மாதிரிக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும்.

அதற்கு மேல், தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'ஆடித் தள்ளுபடி' என்பதற்கே 14 போய்விடும். கடைப் பெயரும் ஊரும் சேர்த்தால் செய்தி இரண்டாகி, காசும் இரண்டு மடங்கு.

9. இப்போது விளம்பரம்

மேலே சொன்னவை எல்லாம் ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடிய பிறகு இங்கே வாருங்கள்.

எந்த எல்லைக்குள் காட்டுவது என்பதுதான் முதல் முடிவு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலும் கூகுள் விளம்பரத்திலும் மேப்பில் குறி வைத்து, சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம். கடையிலிருந்து 15 கிலோமீட்டர் என்று போட்டால் தாராசுரம், சுவாமிமலை, திருபுவனம், திருவிடைமருதூர், நாச்சியார்கோயில் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த வட்டத்துக்கு ஆறு தெரியாது. வடக்கே கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களும் உள்ளே விழும், அங்கிருப்பவர் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தப் பகுதியை 'நீக்கு' என்று கொடுங்கள். தெற்கே நாச்சியார்கோயிலோ விளக்குக்கே பேர்போன ஊர். அங்கே குத்துவிளக்கு விளம்பரம் எடுபடாது, எவர்சில்வரைக் காட்டுங்கள். மேப்பில் தெரியும் தூரத்தைவிட, பஸ் எந்தப் பக்கம் ஓடுகிறது, சந்தைக்கு எந்த ஊர் ஜனம் வருகிறது என்பதை வைத்து எல்லையைப் போடுங்கள். இது உங்களுக்குத்தான் தெரியும், எந்த ஏஜென்சிக்கும் தெரியாது.

கூகுள் விளம்பரத்தில் ஒரு பொறி இருக்கிறது. இட அமைப்பில் தானாகவே தேர்வாகி இருப்பது 'பிரசன்ஸ் ஆர் இன்ட்ரெஸ்ட்', அதாவது அந்த இடத்தில் இருப்பவர் மட்டுமல்ல, அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவரும். கும்பகோணம் கோயில்களைப் பற்றித் தேடுகிற சென்னைக்காரருக்கும் துபாயில் இருப்பவருக்கும் உங்கள் அண்டா விளம்பரம் போகும். 'பிரசன்ஸ்' மட்டும் என்று மாற்றுங்கள். கோயில் ஊர்க் கடைகளுக்கு இந்த ஒரு மாற்றமே நிறையக் காசை மிச்சப்படுத்தும்.

காலம் அடுத்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பட்டியல் ஆடிக் கடைசியில்தான் வீட்டில் எழுதப்படுகிறது. மார்கழியும் அப்படியே, தை கல்யாணங்களுக்கு அப்போதுதான் விசாரிப்பார்கள். முகூர்த்தம் தொடங்கிய பிறகு விளம்பரம் போட்டால் பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள்.

பட்டன் 'அழைக்க' அல்லது 'வாட்ஸ்அப் அனுப்ப' என்று இருக்கட்டும். கூகுளில் அழைப்பு பட்டனைக் கடை திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் வரும்படி அமையுங்கள். இரவு பதினொரு மணிக்கு வரும் போனுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

படத்தில் ஒரே பொருள், அதன் விலை அல்லது எடை, கடைக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். இவ்வளவுதான். பட்ஜெட்டைச் சிறிதாகத் தொடங்குங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதையும் கணக்கில் வையுங்கள். ஃபேஸ்புக் போஸ்ட்டுக்குக் கீழே வரும், அதையே விளம்பரமாக்கும் 'பூஸ்ட்' பட்டனை அவசரத்தில் அழுத்த வேண்டாம். அதிலும் இடத்தை மாற்றலாம்தான், ஆனால் பலர் பார்க்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள்.

கடை வாசலைத் தாண்டுகிறவர் போனுக்குத் தானாக ஆஃபர் போகும் என்று ப்ளூடூத் பீக்கன் என்ற சிறு சிக்னல் கருவியை விற்க வந்தால் வாங்காதீர்கள். செயலி இல்லாமலே ஆண்ட்ராய்டு போன்களுக்கு அப்படிக் காட்டிக்கொண்டிருந்த வசதியைக் கூகுள் 2018 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. இப்போது வாடிக்கையாளர் போனில் உங்கள் செயலி இருந்து, அனுமதியும் கொடுத்திருந்தால்தான் அது வேலை செய்யும். பெரிய சங்கிலிக் கடைகளுக்கு ஒருவேளை ஒத்துவரும்.

10. எது வேலை செய்கிறது என்று பார்ப்பது

புரொஃபைலில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்பது இருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். தேடிய சொற்களைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் விற்கிற, ஆனால் எங்கும் எழுதாத பொருளைத் தேடி ஆள் வந்திருந்தால் அதற்கு உடனே படமும் பெயரும் சேர்க்க வேண்டும்.

வழி கேட்ட எல்லோரும் வந்து வாங்கியவர் அல்ல. அதனால் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். பில் போடும்போது 'எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?' என்று கேட்டு, மேப், வாட்ஸ்அப், விளம்பரம், தெரிந்தவர் சொன்னது என்று நாலு கட்டத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு தனிச் சொல்லைப் போட்டு, 'இதைச் சொன்னால் தேங்காய்த் துருவி சேர்த்துத் தருகிறோம்' என்றால் எண்ணுவது இன்னும் சுலபம். ரிவ்யூவுக்குப் பரிசு கூடாது என்பது வேறு, விளம்பரச் சலுகை வேறு.

அழைப்பு நிறைய, ஆள் வரவில்லை என்றால் விளம்பரத்தை மாற்றாதீர்கள். முதலில் கல்லா போனின் மிஸ்டு கால் பட்டியலைப் பாருங்கள், எடுத்த போன்களில் என்ன பதில் சொன்னார்கள் என்று ஊழியரிடம் கேளுங்கள். வழி கேட்டவர் அதிகம், வந்தவர் குறைவு என்றால் இடக்குறியையும் நேரத்தையும் மறுபடி சரிபாருங்கள். வெளியார் யாரும் மேப்பில் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், நீங்கள் போட்ட நேரமோ போன் எண்ணோ உங்களுக்குத் தெரியாமல் மாறியிருக்கலாம், 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூட ஆகியிருக்கலாம். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை கடை திறந்ததும், வேறொருவர் போனில் உங்கள் கடையைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.